அம்மாக்கண்ணு மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதை

எனக்குச் சண்டைக்காரி என்று ஒரு பேர் உண்டு. அதை நான் மறுக்கப் போவதில்லை. முப்பது வருஷம் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்தவள் நான். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுகிற அறையில் முப்பது வருஷம் இருந்து பாருங்கள், உங்களுக்கும் என் தொண்டைதான் வரும். அப்பேர்ப்பட்ட என்னையே வாயடைக்க வைத்த ஒருத்தி எங்கள் தோட்டத்தில் இருந்தாள். அவள் பேர் அம்மாக்கண்ணு.

மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி இரண்டு மைல் ஏறினால் எங்கள் தோட்டம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக இருபது காம்பரா, அதுதான் எங்கள் லயம். அம்மாக்கண்ணுவுக்கும் அவள் புருஷன் அழகுமுத்துவுக்கும் என் காம்பராவுக்கு அடுத்த காம்பரா. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கமிருந்து நான் 'நூறு வயசு' என்பேன். அழகுமுத்துவுக்குக் கவ்வாத்து வேலை. நாள் முழுக்கத் தேயிலைச் செடியை வெட்டுவான், வாயைத் திறக்க மாட்டான். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அம்மாக்கண்ணு ஒருத்தியே பேசி முடித்துவிடுவாள்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. நாகலெட்சுமி என்று பேர் வைத்தார்கள், எல்லாருக்கும் நாகு. மூன்று மாதத்தில் என் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். அழகான பிள்ளை. ஆனால் முகத்தைப் பார்க்காது. கூப்பிட்டால் திரும்பாது. மற்றப் பிள்ளைகள் பால் குவளையை வாயில் வைத்துக் குடிக்கும். நடக்க ஆரம்பித்த பிறகு நாகு குடித்துவிட்டு நாற்பது குவளைகளையும் சுவரோரமாக வரிசையாக அடுக்கி வைப்பாள். அதில் ஒன்றை நான் எடுத்துவிட்டால் போச்சு. அவள் போடுகிற சத்தத்தில் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இப்போது அதற்கு ஆட்டிசம் என்று ஒரு பேர் சொல்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது தெரியாது. தோட்டத்து மருந்து ஐயாவுக்கும் தெரியாது. தெரியாத எல்லாவற்றுக்கும் அவர் கொடுக்கிற அதே சிவப்புத் தண்ணி மருந்தை நாகுவுக்கும் கொடுத்தார். நான் மட்டும் என்ன பெரிய அறிவாளியா? "காத்துக் கருப்பு ஏதோ அடிச்சிருக்குடி, கோடாங்கியக் கூட்டிட்டு வந்து பாரு" என்று சொன்னவள் நான்தான்.

கோடாங்கி வந்தார். உடுக்கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். நாகு காதைப் பொத்திக்கொண்டு போட்ட அலறலில் அவருக்கே சாமி இறங்கிப் போய்விட்டது. அடுத்த நிமிஷம் அவள் உடுக்கையைப் பிடுங்கி, வாசலில் தண்ணி ஓடுகிற கானுக்குள் வீசினாள். மனுஷன் நனைந்த உடுக்கையைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா, இது எனக்கு மேல உள்ளவங்க பாக்க வேண்டியது" என்று சொல்லிவிட்டு, வாங்கிய கோழியையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கோடாங்கி கோழியைத் திருப்பிக் கொடுத்ததை அந்தத் தோட்டத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றைக்கே அம்மாக்கண்ணு ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "இவளுக்குப் பேயும் இல்ல, பிசாசும் இல்லக்கா. இவளுக்கு எது புடிக்குது, எது புடிக்கலன்னு நாமதான் கண்டுபுடிக்கணும்" என்றாள். கண்டும் பிடித்தாள். சோறும் குழம்பும் தட்டில் தொடக் கூடாது. ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கக் கூடாது, முழுசாகக் கொடுக்க வேண்டும். புதுத் துணி உடம்பில் பட்டால் அரிக்கும் போலிருக்கிறது, கழற்றி எறிவாள். அதனால் தீபாவளிக்கு எடுத்த சட்டையை என் மகள் ஒரு மாதம் போட்டுத் துவைத்துப் பழசாக்கித் தருவாள். என் மகளுக்கு வருஷா வருஷம் இரண்டு தீபாவளிச் சட்டை. அவள் ஏன் குறை சொல்லப் போகிறாள்?

வந்தது சிக்கல் ஐந்து வயதில். பிள்ளைக்காம்பராவில் தோட்டம் கொடுக்கிற பாலும் ரொட்டியும் ஐந்து வயது வரைக்கும்தான். அதற்குமேல் பள்ளிக்கூடம் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்க வேண்டும். நாகுவை வீட்டில் தனியாக விட முடியுமா? அடுப்பு இருக்கிறது, கான் இருக்கிறது, பாதையில் லொறி வருகிறது. விட முடியாதென்றால் அம்மாக்கண்ணு வேலையை நிறுத்திவிட்டுக் காவலிருக்க வேண்டும். அழகுமுத்துவின் ஒரு கூலியில் மூன்று வயிறு எங்கே நிறையும்?

அம்மாக்கண்ணு சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். நாகுவுக்கு ஆறு வயது வரவே விடவில்லை. மருந்து ஐயா மாதா மாதம் பிள்ளைக்காம்பராக் கணக்குப் பார்க்க வந்து கேட்பார், "அம்மாக்கண்ணு, ஒம் மகளுக்கு எப்பதான் ஆறு வயசு வரும்?"

"வந்தா ஒங்ககிட்டதாங்கையா மொதல்ல சொல்லுவேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. நாகு இருந்ததில் எனக்கும் லாபம் உண்டே, குவளை அடுக்குகிற வேலை மிச்சம். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினோம். பிறகு நாகு என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். மருந்து ஐயா ஒரு நாள் அவளை என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, என்னிடம், "மீனம்மா, இந்த மாசத்தோட சரி" என்று சொல்லிவிட்டார். பொய்க்கும் ஓர் உயரம் இருக்கிறதில்லையா?

பள்ளிக்கூடம் பிள்ளைக்காம்பராவுக்கு எதிர்ப்பக்கம், நடுவில் ஒரு கான். ஒரே அறை, அரைச் சுவர், ஐந்து வகுப்பு, ஒரே ஒரு வாத்தியார். முத்துலிங்கம் மாஸ்டர். நல்ல மனுஷன், ஆனால் இன்ஸ்பெக்டர் என்று சொன்னால் அவருக்கு வேர்த்துவிடும். அம்மாக்கண்ணு பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆறு மணிக்கே போக வேண்டும். அதனால் நாகுவை என்னிடம் விட்டுப் போவாள். எட்டு மணிக்கு நான் கையைப் பிடித்துக் கான் தாண்டிக் கூட்டிப் போவேன்.

முதல் பத்து நாள் கண்றாவி. நாகு அரை மணி நேரம் உட்காருவாள். பிறகு தரையில் உருண்டு அழுவாள், இல்லையென்றால் அரைச் சுவரைத் தாண்டி ஓடுவாள். நான் இடுப்பில் ஒரு குழந்தையோடு பின்னால் ஓடுவேன். பத்தாம் நாள் மாஸ்டர் அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரும்மா, நான் மாட்டேன்னு சொல்லல. ரெண்டு வாரம் பாக்குறேன். மணி அடிக்கிற வரைக்கும் ஒக்காரணும். அப்புறம் பேரு கூப்புட்டா 'இருக்கேன் ஐயா'ன்னு சொல்லணும். அப்பத்தான் இடாப்புல பேரு எழுத முடியும். இன்ஸ்பெக்டர் வந்து இடாப்பப் பாத்துப் பேரு கூப்புடுவாரு. பதில் வரலன்னா நான் பொய்யாப் பேரு எழுதி வச்சிருக்கேன்னு சொல்லுவாரு."

"அவ பொறந்ததுலருந்து ஒரு வார்த்த பேசலைங்களே ஐயா."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் மாஸ்டர். அவருக்கும் அதைச் சொல்ல மனமில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அன்று சாயந்திரம் அம்மாக்கண்ணு தண்ணி விழுகிற பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டே நின்றாள். பின்னால் பத்துப் பேர் தண்ணிக்குக் காத்திருக்க, அவள் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் ஒரு சத்தம் போட்டேன். திரும்பினாள். "அக்கா, பள்ளிக்கூடத்துல கோளாறு இல்லக்கா. கோளாறு தப்புலதான் இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது விடியற்காலைத் தப்பை, அந்தப் பறையை. ஐந்து மணிக்கு ஒருவர் அதை அடித்துக்கொண்டு லயம் லயமாக வருவார். அந்தச் சத்தத்தில்தான் தோட்டமே எழும்பும். எங்கள் தப்புக்காரர் சின்னத்தம்பி. அவர் அடித்தால் செத்தவனும் எழும்பிக் கொழுந்துக்கூடையைத் தேடுவான். நாகு தப்புக்கு முன்னாலேயே முழித்துவிடுவாளாம். முழித்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, எப்போது வரும் எப்போது வரும் என்று சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருப்பாளாம். தப்பு வாசலுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் அலறல். சுவருக்கு இந்தப் பக்கம் ஏழு வருஷமாகக் கேட்டவள்தானே நான், எனக்குத் தெரியாதா? ஆனால் காலையில் இப்படி அலறி ஓய்ந்த பிள்ளை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் எப்படி உட்காரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாக்கண்ணுவுக்குத்தான் தோன்றியது.

மறுநாளே வெற்றிலை பாக்கோடு சின்னத்தம்பியிடம் போனாள். "அண்ணே, ரெண்டே ரெண்டு வாரம். எங்க லயத்துக்கு ஏறி வராதீங்க. கீழ வளைவுலயே நின்னு அடிங்க. சத்தம் கேக்கும், எல்லாரும் எந்திரிச்சுருவாங்க."

சின்னத்தம்பிக்கு மேட்டில் ஏற வேண்டியதில்லை, வெற்றிலையும் கிடைக்கிறது. "புள்ளைக்காகக் கேக்குற, சரி தாயி" என்று சொல்லிவிட்டார். லயத்தில் யாரிடமும் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை நாகு அலறவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். மணி அடித்ததும் பாய்ந்து ஓடினாள். ஓடட்டுமே, எந்தப் பிள்ளை ஓடவில்லை? செவ்வாயும் அப்படியே. அம்மாக்கண்ணுவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

புதன்கிழமை மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை தெரியும்தானே, தகரத்தில் விழ ஆரம்பித்தால் பக்கத்தில் படுத்திருப்பவன் குறட்டையும் கேட்காது. கீழே வளைவில் சின்னத்தம்பி மழையில் நனைந்து அடித்தது எங்கே கேட்கும்? நாகு வழக்கம்போல முழித்தாள், அவள் வீட்டில் எல்லாரும் எழும்பிப் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். மற்றப் பத்தொன்பது காம்பராவும் கம்பளிக்குள் நிம்மதியாகத் தூங்கியது. பொன்னையா கங்காணி பெரட்டுக்களத்தில் பார்க்கிறார், எங்கள் லயத்திலிருந்து வந்து நிற்பது அம்மாக்கண்ணுவும் அழகுமுத்துவும் மட்டும்தான். களவு இதைவிடப் பட்டவர்த்தனமாக மாட்டுமா?

மற்றவர்கள் அரக்கப் பரக்க ஓடிப் போனபோது மணி ஏழு. கங்காணி அத்தனை பேரையும் வெரட்டிவிட்டார். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, அது சட்டம். அம்மாக்கண்ணு கொண்டுவந்து விட்ட நாகுவை அரைத் தூக்கத்தில் வாங்கிக்கொண்டு நானும் மறுபடி தூங்கிவிட்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். பிள்ளைக்காம்பரா வாசலில் மேல் லயத்துத் தாய்மார் மழையில் குழந்தைகளோடு நின்று என்னைத் திட்டிய திட்டில் எனக்கே இரண்டு புது வார்த்தை தெரியவந்தது.

சாயந்திரம் பீலியடியில் பஞ்சாயத்து. சின்னத்தம்பி எல்லாவற்றையும் கக்கிவிட்டார். "ஒரு புள்ளைக்காக இருபது வீட்டுச் சோத்துல மண்ணு போடுவியா?" என்று பழனியாண்டி குதித்தான். அவன் சாதாரண நாளிலேயே மூன்று தப்பு அடித்தால்தான் எழும்புகிற ஆள். நானும் கோபத்தில் கத்தினேன். "எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடி!" பொன்னையா கங்காணி, "நாளையிலருந்து தப்பு நேரா ஒன் வாசல்லயே வந்து அடிக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அம்மாக்கண்ணு அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "தப்பு எங்க மேல தாங்க. ஆனா ரெண்டு வாரம் முடியுறதுக்குள்ள அந்தச் சத்தம் கேட்டா எம் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லைங்க. நான் வீடு வீடா வந்து கதவத் தட்டி எழுப்புறேன். ஒரே ஒரு ஆளு பிந்தினாலும், மறுநாளே தப்பக் கொண்டாந்து எந் தலமாட்டுல வச்சு அடிங்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

கங்காணி யோசித்தார். "ஒரே ஒரு ஆளு பிந்தினாலும்" என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வியாழக்கிழமை விடியற்காலை நாகு முழித்துத் தாயின் சேலையை இழுத்தாள். அவள் முழித்தால் மணி ஐந்து, கடிகாரம் வேண்டாம். தனியாக இருக்க மாட்டாள் என்று அம்மாக்கண்ணு அவளையும் கூட்டிக்கொண்டு முதல் கதவைத் தட்டினாள். இரண்டாவது கதவுக்குப் போனபோது நாகு தாயின் கையைத் தள்ளிவிட்டுத் தானே தட்டினாள். இரண்டு தட்டு. தட்டிவிட்டு அங்கேயே நின்றாள். உள்ளே குப்பி லாம்பு வெளிச்சம் தெரிந்து, கதவைத் திறந்து ஆள் முகத்தைக் காட்டினால்தான் அடுத்த கதவு. "எந்திரிச்சிட்டேன், போ" என்று கம்பளிக்குள்ளிருந்து கத்துகிற ஏமாற்றெல்லாம் அவளிடம் செல்லாது. மறுபடி இரண்டு தட்டு. மறுபடி நிற்பாள்.

பழனியாண்டி கதவில் மட்டும் ஒன்பது தடவை. கடைசியில் அவன் லாம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா தாயே, இதோ பாரு, நான்தான், உசுரோடதான் இருக்கேன்" என்று கும்பிட்டான். லயமே சிரித்தது. அன்றைக்கு எங்கள் லயம் பெரட்டுக்களத்தில் முதல் ஆளாக நின்றது.

எங்கள் லயத்தின் கோடியில் இரண்டு காம்பராவை ஒன்றாக்கி முத்துலிங்கம் மாஸ்டருக்குக் கொடுத்திருந்தார்கள். ஏழு மணிக்கு எழும்புகிற மனுஷன். அவருக்கு ஏது பெரட்டு? ஆனால் நாகுவுக்குக் கதவென்றால் கதவுதான். அம்மாக்கண்ணு இழுத்துப் பார்த்தாள், நகரவில்லை. மாஸ்டர் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் நாகு வீட்டுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அதையும் அவளிடம் யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் அவள் கேட்கப் போவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு இருபது காம்பராவும் முழித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பழனியாண்டி பொண்டாட்டி மட்டும், "கல்யாணமாகிப் பத்து வருஷத்துல இந்த ஆளு முகத்தக் காலையில இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள்.

இரண்டு வாரம் முடிந்தது. ஒரு ஆள் பிந்தவில்லை. நாகு ஒரு நாள் தவறாமல் மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்தாள். ஆனால் வாயைத் திறந்து ஒரு சொல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அம்மாக்கண்ணு அவள் முன்னால் உட்கார்ந்து, "இருக்கேன் ஐயா சொல்லு, இருக்கேன் ஐயா சொல்லு" என்று கெஞ்சிய குரல் சுவர் வழியே வந்துகொண்டே இருந்தது. கேட்கச் சகிக்காமல் நான் எழும்பி விறகு பொறுக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் நாகுவை அவள் மூலையில் உட்கார வைத்துவிட்டுப் போகாமல் அரைச் சுவரோரம் நின்றேன். மாஸ்டர் இடாப்பைத் திறந்தார். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். "இருக்கேன் ஐயா", "இருக்கேன் ஐயா" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடைசியில், "அழகுமுத்து மகள் நாகலெட்சுமி."

நாகு சிலேட்டின் மரச் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாகலெட்சுமி."

முன்வரிசைப் பையன் ஒருவன், "அவ பேச மாட்டா ஐயா" என்றான். வாயாடி, சண்டைக்காரி, என் வாயிலிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை. மாஸ்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"பன்னெண்டு நாளா வெடியக்காத்தால வந்து, நான் இருக்கேனான்னு என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போறா" என்றார், யாரிடம் என்றில்லாமல். "அவ இருக்கான்னு நான் பாத்து எழுதக் கூடாதா?" குனிந்து எழுதினார்.

"இன்ஸ்பெக்டரு வந்து கேட்டாருன்னா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"அவருக்கும் கண்ணு இருக்கும்தானே மீனம்மா. நீங்க போய் ஒங்க புள்ளைகளப் பாருங்க."

பத்து மணிக்கு முதல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு அம்மாக்கண்ணு கூடையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். தினமும் அந்த நேரத்துக்கு வந்து நாகுவைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடுவது அவள் வழக்கம். "பேரு எழுதியாச்சுடி" என்றேன். நம்பவில்லை. அரைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நாகு மூலையில் உட்கார்ந்திருந்தாள், தாய் வந்ததைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அம்மாக்கண்ணு திரும்பி வந்து பிள்ளைக்காம்பரா வாசற்படியில் நின்றாள். கொழுந்துக் கறை ஏறிய இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்.

"அக்கா, ஏழு வருஷமா இந்தக் கை அவளப் புடிச்சிக்கிட்டேதான் இருந்துச்சு. இப்ப சும்மா இருக்கு. இதை வச்சுக்கிட்டு என்னா செய்றதுன்னே தெரியலக்கா."

அவள் அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். பிறகு ஒரு குவளைத் தேத்தண்ணியை அந்தக் கையில் திணித்து, "இதைக் குடிடி மொதல்ல" என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் மெதுவாகக் குடித்தாள். நாகு பிறந்த பிறகு அம்மாக்கண்ணு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.